பாய் விரித்தால் போதுமா?
கொள்ளைநோய்க் காலத்தில் படகு வாழ்க்கை: ஓர் எளிய விளக்கம்

வந்தவாசியில் பாய்க்கடைக்குப் போனால், ‘பாய்’ என்ற சொல்லின் இரண்டு பொருள்களைக் கடையிலேயே பார்த்துவிடலாம். சுவரோரம் சுருட்டி நிறுத்தியிருக்கும் கோரைப் பாய் ஒன்று. அதை விற்கும் பாய் இன்னொன்று. மூன்றாவது பொருள் கடலில் இருக்கிறது. மரத்தில் கட்டினால் காற்றைப் பிடித்துக் கப்பலை இழுத்துப் போகும் பாய் அது. பசிபிக் தீவுகளில் தாழை ஓலையில் முடைந்த பாயைத்தான் படகுக்குக் கட்டினார்கள் என்று தெரிந்தால், இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதில் வியப்பில்லை.

வீட்டுக்குப் பாய் வாங்கப் போன ஒரு மாலையில் கடைக்கார பாய் கைபேசியில் ஒரு காணொலி பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரக் கணவன் மனைவி, ஒரு பாய்ப்படகு, பச்சை நிறக் கடல், தென்னை மரத் தீவு. என்னிடம் திருப்பிக் காட்டிக் கேட்டார்: “ஏன் தம்பி, கொரோனா சமயத்துல இவங்க மாதிரி ஒரு படகுல ஏறிப் போயிருந்தா நோயும் வந்திருக்காது, போலீஸ் லத்தியும் வந்திருக்காதுல்ல?”

நியாயமான கேள்விதான். 2020 மார்ச் 24 மாலை ஆறு மணிக்குத் தமிழ்நாட்டில் 144 வந்தது. மறுநாள் நாடு முழுக்க ஊரடங்கு. இங்கே பாய்த்தறி நின்றது, ஆரணியில் பட்டுத்தறி நின்றது, முகூர்த்த மாதங்கள் வியாபாரம் இல்லாமலே கழிந்தன. தெருமுனைக்குப் போகவே காரணம் சொல்ல வேண்டியிருந்த நாட்களில், வேலி இல்லாத கடல் யாருக்கும் சுதந்திரமாகத்தான் தோன்றும். வந்தவாசிக்கும் மரக்காணம் கடலுக்கும் இடையே காக்கை பறக்கும் தூரம் 50 கிலோமீட்டர்தான்.

பாய்க்குச் சுருக்கமாகச் சொல்லலாம்: நோயிலிருந்து தப்பித்திருக்கலாம், ஊரடங்கிலிருந்து தப்பித்திருக்க முடியாது. கடலை யாரும் பூட்டவில்லை, கரையைப் பூட்டினார்கள். படகில் வாழ்கிறவனுக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை கரை தேவைப்படும் என்று பார்த்தால் இது விளங்கிவிடும்.

படகுக்குள் ஒரு வீடு

இப்படித் தீவு தீவாகப் போகிறவர்களின் படகு பெரும்பாலும் 40 அடி நீளம் இருக்கும். நடுவில் 12, 13 அடி அகலம், முன்னும் பின்னும் குறுகிவிடும். ஆரணியில் நெசவாளர் வீட்டைப் பார்த்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. குழித்தறி வீட்டின் நல்ல பாதியை எடுத்துக்கொள்ளும், மிச்சத்தில் சமையல், படுக்கை, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் நடக்கும். படகிலும் வேலை செய்யும் இடமும் வாழும் இடமும் ஒன்றே. உட்காரும் பலகையைத் தூக்கினால் அரிசி, பருப்பு. மேசையை இறக்கினால் கட்டில். அடித்தளத்துப் பலகையைத் திறந்தால் எஞ்சின் உதிரிபாகங்கள்.

மின்சாரத்துக்குச் சோலார் பலகைகளும் பேட்டரிகளும் உண்டு. சமையலுக்கு எரிவாயு சிலிண்டர். துறைக்குள் நுழைய, காற்று விழுந்தால் நகர, ஒரு டீசல் எஞ்சின். கரைக்குப் போய்வர ஒரு குட்டி ரப்பர் படகு.

வேகம் குறைவு. நல்ல காற்றில் மணிக்கு 10 கிலோமீட்டர், அதாவது நிதானமாக மிதிக்கிற சைக்கிளின் வேகம். ஆனால் இரவும் பகலும் நிற்காமல் போவதால் ஒரு நாளில் 200 முதல் 250 கிலோமீட்டர் கடந்துவிடும். தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவின் மாலே 700 கிலோமீட்டருக்குச் சற்று மேல். காற்று ஒத்துழைத்தால் மூன்று நான்கு நாள். போர்ட் பிளேரிலிருந்து திருகோணமலை சுமார் 1,300 கிலோமீட்டர், ஆறு நாளாவது ஆகும். அந்த நாட்களில் இரவில் ஒருவர் தூங்கினால் ஒருவர் விழித்திருக்க வேண்டும். எதிரே வரும் சரக்குக் கப்பலுக்கு இந்தப் படகு கண்ணில் படாமலே போகலாம்.

இரண்டே பேர் இப்படி உலகையே சுற்றியிருக்கிறார்கள். புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபாவும் கேரளத்தைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னாவும் இந்தியக் கடற்படையின் ‘தாரிணி’ என்ற 56 அடிப் பாய்ப்படகில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து புறப்பட்டு, 2025 மே 29 அன்று திரும்பி வந்தார்கள். எட்டு மாதம். அவர்களும் வழியில் ஆஸ்திரேலியாவின் ஃப்ரிமேன்டில், நியூசிலாந்தின் லிட்டல்டன், ஃபாக்லண்ட் தீவின் போர்ட் ஸ்டான்லி, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் என நான்கு துறைகளில் நின்றார்கள். கடற்படைப் படகுக்கே நடுவில் நான்கு கரை வேண்டியிருந்தது.

தண்ணீர்க் கணக்கு

வீட்டு மாடியில் நாம் வைத்திருக்கும் கறுப்புத் தொட்டி பெரும்பாலும் 500 லிட்டரோ 1,000 லிட்டரோ பிடிக்கும். நாலு பேர் உள்ள வீட்டில் அது இரண்டு நாளில் காலியாகிவிடும். 40 அடிப் படகின் தொட்டியில் 300 முதல் 500 லிட்டர்தான் இருக்கும், அதை வாரக்கணக்கில் ஓட்டவேண்டும்.

400 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 10 லிட்டர். இருபது நாள் வரும். இந்தப் பத்து லிட்டருக்குள் குடிக்க, சமைக்க, பல் துலக்க, உடம்பில் காய்ந்த உப்பைக் கழுவ எல்லாம் அடங்கவேண்டும். பாத்திரத்தைக் கடல்நீரில் தேய்த்து, கடைசியாக ஒரு குவளை நல்ல தண்ணீரில் அலசுவார்கள். குளியலும் அப்படித்தான், கடலில் முங்கி எழுந்து, மேலுக்கு ஒரு சொம்பு. சோற்றுக்கு உப்புப் போடாமல் உலைநீரில் கொஞ்சம் கடல்நீர் கலப்பவர்களும் உண்டு.

வசதியுள்ள படகுகளில் கடல்நீரைக் குடிநீராக்கும் எந்திரம் இருக்கும். நம் வீட்டு ஆர்.ஓ. எந்திரத்தின் அண்ணன் என்று சொல்லலாம். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. அதைப் பிரிக்க வீட்டு எந்திரத்தைவிடப் பத்து மடங்குக்கும் அதிகமான அழுத்தத்தில் நீரைச் சவ்வு வழியாகத் தள்ளவேண்டும்.

இந்த எந்திரம் திறந்த கடலின் சுத்தமான நீரில்தான் நன்றாக வேலை செய்யும். துறைமுகத்துக்குள் நிற்கும்போது நீரில் டீசல் மிதக்கும், சேறு கலங்கும், கழிவு இருக்கும். எண்ணெய் பட்டால் சவ்வு பாழாகிவிடும் என்பதால் அங்கே அதை ஓட்டமாட்டார்கள். 2020-ல் “நங்கூரம் போட்ட இடத்தை விட்டு நகரக்கூடாது” என்ற உத்தரவு வந்தபோது அதன் கடுமை இங்கேதான் உறைத்தது. சுற்றிலும் தண்ணீர், கப்பலில் தண்ணீர் எந்திரம், இருந்தும் குடிநீருக்குக் கரையைத்தான் எதிர்பார்க்க வேண்டும்.

சாப்பாட்டுக் கணக்கும் இதே மாதிரிதான். அரிசி, பருப்பு, ஊறுகாய், கருவாடு, வற்றல் மாதக்கணக்கில் இருக்கும். வெங்காயம், உருளைக்கிழங்கு, பூசணி சில வாரம் தாங்கும். அட்டைப்பெட்டியைப் படகுக்குள் ஏற்றவே மாட்டார்கள். அட்டை மடிப்பில் கரப்பான் முட்டை இருந்தால் போதும், நடுக்கடலில் குடும்பம் பெருகிவிடும். எரிவாயு, டீசல், மருந்து, அறுந்த கயிறு, உடைந்த பம்ப் எல்லாவற்றுக்கும் கரைதான். எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக வாழ்ந்தாலும் ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரையேறித்தான் ஆகவேண்டும்.

மஞ்சள் கொடி

கரையேறுவது என்பது படகைக் கட்டிவிட்டு இறங்குவது அல்ல. வேறொரு நாட்டின் துறைக்கு வரும் எந்தப் படகும் முதலில் ஒரு மஞ்சள் கொடியை ஏற்றவேண்டும். சர்வதேசக் கடற்கொடி வரிசையில் அது ‘க்யூ’ கொடி. “என் கப்பலில் நோய் இல்லை, உள்ளே வர அனுமதி கேட்கிறேன்” என்பது அதன் பொருள்.

நம் ஊரில் வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் உள்ளே அம்மை போட்டிருக்கிறது, தள்ளியிரு என்று பொருள். மஞ்சள் கொடியும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. நோயுள்ள கப்பல், கிட்டே வராதே என்பதற்கான அடையாளம். இப்போது பொருள் மாறிவிட்டது, ஆனால் வேலை மாறவில்லை. வந்தவரைச் சோதிக்கும்வரை வாசலிலேயே நிறுத்துவதுதான் அந்த வேலை.

கொடி ஏற்றியபின் துறைமுகச் சுகாதார அதிகாரி வருவார், அல்லது படகின் தலைவர் மட்டும் இறங்கிப் போவார். சுகாதாரம், குடியேற்றம், சுங்கம், துறைமுகம் என ஒவ்வொரு மேசையிலும் முத்திரை வாங்கவேண்டும். கடைசியாகப் புறப்பட்ட துறை கொடுத்த அனுமதிச் சீட்டும் கையில் இருக்கவேண்டும். நம் நாட்டிலும் இதற்கு 1955-ஆம் ஆண்டின் துறைமுகச் சுகாதார விதிகள் உண்டு. எல்லாம் முடிந்தபிறகுதான் மஞ்சள் கொடி இறங்கும், அந்நாட்டின் கொடி ஏறும், மற்றவர்கள் தரையில் கால் வைப்பார்கள்.

இந்த ஏற்பாட்டின் வேர் 1377-ல் இருக்கிறது. ஏட்ரியாட்டிக் கடலோரத்து ரகுசா நகரம், இன்றைய டுப்ரோவ்னிக், பிளேக் பரவிய இடங்களிலிருந்து வருகிறவர்களை 30 நாள் ஊருக்கு வெளியே நிறுத்தியது. பிறகு அது 40 நாள் ஆயிற்று. நாற்பதைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்ததுதான் 2020-ல் நம் தெருக்களில் எல்லார் வாயிலும் புழங்கிய ‘குவாரன்டைன்’.

2020 மார்ச்சில் நடந்தது

அந்த மார்ச் மாதத்தில் கடலில் இருந்தவர்களுக்குச் செய்தி தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. புறப்படும்போது திறந்திருந்த தீவு, போய்ச் சேரும்போது மூடியிருந்தது. நியூசிலாந்து மார்ச் 19 அன்று வெளிநாட்டவருக்கு எல்லையை மூடியது. மாலத்தீவும் அந்த மாதமே மூடியது, மீண்டும் திறந்தது ஜூலை 15 அன்று. இலங்கையும் மூடியது. பிரெஞ்சு பாலினேசியாவில் படகுகள் நின்ற இடத்திலேயே நிற்கவேண்டும் என்று உத்தரவு வந்தது. சில இடங்களில் படகைச் சுற்றி நீந்தக்கூட அனுமதி இல்லை. இருபதடி தள்ளிக் கரை தெரியும், தேங்காய் தெரியும், கடை விளக்குத் தெரியும், போகமுடியாது.

தப்பியவர்கள் கதையும் உண்டு. அர்ஜென்டினாக்காரர் ஒருவர் போர்ச்சுகலுக்குச் சொந்தமான போர்ட்டோ சான்டோ தீவில் இருந்தார். விமானங்கள் நின்றுவிட்டன. வயதான அப்பாவைப் பார்த்தே ஆகவேண்டும் என்று 29 அடிப் படகில் தனியாகக் கிளம்பினார். வழியில் கேப் வெர்டே தீவுகளில் உணவும் டீசலும் எடுக்க நினைத்தார், இறங்கவிடவில்லை. இருப்பதை வைத்தே அட்லான்டிக் கடலைக் கடந்து, 85 நாள் கழித்து ஜூன் மாதம் சொந்த ஊரான மார் டெல் பிளாட்டாவில் கரையேறினார். பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்தபிறகு அப்பாவைப் பார்த்தார். பாயின் கேள்விக்கு இவர் ஒரு வகையில் சாட்சி. கடல் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது, நடுவழித் தீவு அவரை ஏற்கவில்லை, சொந்த ஊர் ஏற்றுக்கொண்டது.

காற்று வைத்த கெடு

“சரி, ஏதாவது ஒரு தீவோரம் நங்கூரம் போட்டுவிட்டுச் சும்மா இருக்கலாமே?” என்று தோன்றும். காற்று விடாது.

நம் கடலில் ஆண்டுக்கு இரண்டு காற்று. டிசம்பரிலிருந்து மார்ச் வரை வாடை, வடகிழக்கிலிருந்து சீராக வீசும். தாய்லாந்தின் புக்கெட்டிலிருந்து கிளம்பி அந்தமான், இலங்கை, மாலத்தீவு வழியாகச் செங்கடலுக்குப் போகும் பாய்ப்படகுகள் இந்தக் காற்றை நம்பித்தான் ஜனவரியில் புறப்படும். மே கடைசியில் திசை மாறித் தென்மேற்கிலிருந்து வலுவான காற்று வரும். தென்கடலோர மீனவர்கள் மேற்கிலிருந்து வருவதைக் கச்சான் என்பார்கள், தெற்கிலிருந்து வருவதைச் சோழகம் என்பார்கள். தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போகும் தோணிகளும் அந்த மாதங்களில் கட்டிக்கிடக்கும். தலைமுறை தலைமுறையாக அந்தக் கடலை அறிந்தவர்களே போகாதபோது, 40 அடிப் படகில் இரண்டு பேர் போவது விவேகமில்லை.

ஆக, 2020 மார்ச்சில் இந்தியப் பெருங்கடலின் நடுவில் இருந்த படகுக்குக் கெடு தெளிவாக இருந்தது. முன்னே போகும் நாடு மூடியிருக்கிறது, பின்னே விட்டுவந்த நாடும் மூடியிருக்கிறது, இரண்டு மாதத்தில் காற்று திரும்பும். தென்பசிபிக்கில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். அதற்குள் நியூசிலாந்து பக்கம் இறங்கிவிடுவது அங்கே வழக்கம், அந்த வழியும் அடைபட்டிருந்தது. கரீபியனில் ஜூனில் சூறாவளிக் காலம் தொடங்கும். குறிப்பிட்ட தேதிக்குள் புயல் பாதையை விட்டு வெளியேறாவிட்டால் படகுக்குக் காப்பீடு செல்லாது என்பது அங்கே வழக்கமான நிபந்தனை. அரசு “நகராதே” என்கிறது, காப்பீட்டு நிறுவனம் “நகர்” என்கிறது.

தீவுகள் ஏன் கதவைச் சாத்துகின்றன

தீவுக்காரர்களைக் கல்நெஞ்சர்கள் என்று நினைக்கவேண்டாம். அவர்களுக்கு நினைவு இருக்கிறது.

1875-ல் பிஜித் தலைவர் தக்கம்பாவும் அவரோடு போனவர்களும் சிட்னியிலிருந்து ‘டைடோ’ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் திரும்பினார்கள். கப்பலில் தட்டம்மை இருந்தது. நமக்குக் குழந்தைப் பருவத்து நோய். அதை முன்பு கண்டிராத அந்தத் தீவுகளில் ஏறக்குறைய 40,000 பேர் இறந்தார்கள், அன்றைய மக்கள்தொகையில் கால்வாசிக்கும் மேல்.

1918 நவம்பர் 7 அன்று ‘தலூன்’ என்ற கப்பல் ஆக்லாந்திலிருந்து மேற்குச் சமோவாவின் ஏபியா துறைக்கு வந்தது. இன்ஃபுளுயன்சா நோயாளிகள் கப்பலில் இருந்தும் தடுக்காமல் இறங்கவிட்டார்கள். சில வாரங்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல், சுமார் 8,500 பேர் மாண்டார்கள். பக்கத்திலேயே இருந்த அமெரிக்கச் சமோவா கடுமையாகக் கதவை அடைத்தது. அங்கே ஒருவர்கூட அந்த நோயால் சாகவில்லை. ஒரே கடல், ஒரே மக்கள், ஒரே மாதம். ஒரு கப்பலை நிறுத்தியதும் நிறுத்தாததும்தான் வேறுபாடு.

நம் நாட்டிலும் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. லட்சத்தீவில் மக்கள் வாழும் தீவுகள் பத்து, மொத்த மக்கள் 64,000 பேர். பெரிய மருத்துவத்துக்குக் கடல் தாண்டிக் கொச்சிக்கு வரவேண்டும். கொச்சியிலிருந்து கப்பல் ஏறுகிறவர்களைத் தனிமையில் வைத்து, பரிசோதித்து அனுப்பினார்கள். 2020 முழுவதும் அங்கே ஒரு தொற்றுகூட இல்லை. கட்டாயத் தனிமை விதி தளர்ந்தபிறகு, 2021 ஜனவரி 18 அன்று முதல் தொற்று பதிவானது. கொச்சியிலிருந்து கப்பலில் வந்த ஒருவருக்கு.

பதினாலு நாள் யாருக்குப் போதும்?

‘பதினாலு நாள் தனிமை’ என்பதன் தர்க்கம் எளிது. கிருமி உள்ளே போய் நோயாக வெளிப்பட அதிகபட்சம் ஏறக்குறைய அவ்வளவு நாள் ஆகும். அதற்குள் ஒன்றும் வரவில்லை என்றால் வராது என்று கொள்ளலாம்.

இரண்டு பேர் உள்ள படகுக்கு இந்தக் கணக்கு நன்றாகப் பொருந்தும். ஒருவருக்குக் கிருமி இருந்தால் சில நாளில் மற்றவருக்கும் வரும், இரண்டு மூன்று வாரத்தில் இருவரும் தேறுவார்கள், மூன்றாவது ஆள் இல்லாததால் சங்கிலி அறுந்துவிடும். பிஜி அரசு 2020 ஜூனில் இதைப் புரிந்துகொண்டு ‘நீலப் பாதை’ என்ற திட்டத்தை அறிவித்தது. புறப்படும் முன் பரிசோதனை செய்துகொண்டு, நடுவில் எங்கும் நிற்காமல் வரும் படகுக்கு, கடலில் கழிந்த நாட்கள் பதினாலில் கழித்துக்கொள்ளப்படும். டெனாராவ் துறை வழியாக மட்டுமே நுழையலாம், செலவு வந்தவருடையது. பயணமே தனிமை ஆயிற்று.

நூற்றுக்கணக்கானோர் உள்ள கப்பலுக்கு இந்தக் கணக்குச் செல்லாது. ஒருவருக்கு வந்து தேறுவதற்குள் அடுத்தவருக்கு வரும், அவர் தேறுவதற்குள் இன்னொருவருக்கு. 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமா துறையில் நிறுத்தப்பட்ட ‘டயமண்ட் பிரின்சஸ்’ சொகுசுக் கப்பலில் 3,711 பேர் இருந்தார்கள். தனிமை முடிந்து எண்ணியபோது 712 பேருக்குத் தொற்று. அந்தக் கப்பலில் 138 இந்தியர்கள், அவர்களில் ஆறு பேர்தான் பயணிகள். மற்ற 132 பேரும் சமையல், பரிமாறல், துப்புரவு என்று வேலை பார்த்தவர்கள். பயணி அறைக்குள் அடைந்திருக்கலாம், அவருக்குச் சோறு கொண்டுபோகிறவர் அடைந்திருக்க முடியாது.

நூற்றைம்பது ஆண்டுக்கு முன்பும் இதுவே நடந்தது. பிஜிக்கு இந்திய ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிப்போன முதல் கப்பல் ‘லியோனிடாஸ்’ 1879 மார்ச்சில் கல்கத்தாவிலிருந்து கிளம்பியது. வழியில் காலராவும் பெரியம்மையும் பிடித்துக்கொண்டன. பத்து வாரக் கடல் பயணத்துக்குப் பிறகு மே 14 அன்று லெவுகா துறைக்கு வந்தபோதும் நோய் அடங்கவில்லை. தட்டம்மைச் சாவு நடந்து நாலே ஆண்டு ஆகியிருந்த தீவு அது. வந்த 463 பேரையும் ஊருக்குள் விடாமல் யனுத்தா லைலாய் என்ற குட்டித் தீவில் பல வாரம் தனிமையில் வைத்தார்கள். இன்று உல்லாசப் படகுகள் தேடிப்போகும் அதே பவளத்தீவுகளில் நம் நாட்டவர் இறங்கிய முதல் இடம் ஒரு நோய்க்கூடாரம்.

வட ஆற்காட்டுக்காரர் கப்பல்

1903 முதல் 1916 வரை சென்னையிலிருந்தும் பிஜிக்குக் கப்பல்கள் போயின. ஏறக்குறைய 15,000 பேர். அவர்கள் கிளம்பிய மாவட்டங்களில் முக்கியமான ஒன்று வட ஆற்காடு, வந்தவாசியும் ஆரணியும் அன்று இருந்த மாவட்டம். அவர்கள் சுவா நகருக்கு எதிரே உள்ள நுகுலாவ் தீவில் தனிமை முடித்த பிறகுதான் தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டார்கள். அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் 1926-ல் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் தொடங்கிய பிறகு அதன் பள்ளிகளில் படித்தார்கள்.

பக்கத்து இலங்கைக்குப் போவதற்கும் இதே வாசல் இருந்தது. 1914-ல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் ஓடத் தொடங்கியபின், தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறவர்களை மண்டபம் முகாமில் சில நாள் தங்கவைத்து, நோயில்லை என்று பார்த்துத்தான் கப்பலேற்றினார்கள். மலேயாவுக்குப் போனவர்களுக்குப் பினாங்கின் ஜெரஜாக் தீவு, சிங்கப்பூரின் செயின்ட் ஜான் தீவு. ‘குவாரன்டைன்’ திரிந்து தாத்தா பாட்டி பேச்சில் ‘கொரண்டி’ என்று வரும் சொல்லுக்கு இத்தனை இடங்கள் இருக்கின்றன.

2020-ல் இந்தப் பயணம் திசை திரும்பியது. கடற்படை மே 5 அன்று ‘சமுத்திர சேது’ நடவடிக்கையைத் தொடங்கியது. ‘ஜலாஷ்வா’ கப்பல் மே 10 அன்று மாலேயிலிருந்து 698 பேரைக் கொச்சிக்குக் கொண்டுவந்தது. ஜூன் தொடக்கத்தில் கொழும்பிலிருந்தும், பிறகு மாலேயிலிருந்தும் தூத்துக்குடிக்கு வந்தது. ஜூலை 1 அன்று ஈரானின் பந்தர் அப்பாஸிலிருந்து 687 பேரோடு தூத்துக்குடியை அடைந்தது, அவர்களில் பலர் மாதக்கணக்காக அங்கே சிக்கியிருந்த மீனவர்கள். நான்கு கப்பல்கள், 55 நாள், 23,000 கிலோமீட்டருக்கு மேல், 3,992 பேர். இறங்கிய எல்லாருக்கும் துறையிலேயே சோதனை, பிறகு தனிமை. அதே மஞ்சள் கொடி விதிதான். ஒரே ஒரு வித்தியாசம், இந்தத் துறை அவர்களைத் திருப்பி அனுப்ப முடியாது.

வீடு திரும்ப முடியாதவர்களும் இருந்தார்கள். சரக்குக் கப்பல்களில் வேலை செய்யும் மாலுமிகள் சட்டப்படி தொடர்ந்து 11 மாதத்துக்கு மேல் கப்பலில் இருக்கக்கூடாது. துறைகள் ஆள் மாற்ற அனுமதிக்காததால், 2020 கடைசியில் உலகம் முழுக்க சுமார் 4 லட்சம் பேர் ஒப்பந்தம் முடிந்தும் கப்பலிலேயே இருந்தார்கள். நமக்கு எண்ணெயும் மருந்தும் வந்துகொண்டிருந்தன, கொண்டுவந்தவர்களுக்குத்தான் இறங்க இடம் இல்லை. கொள்ளைநோய்க் காலத்தில் கப்பலில் வாழ்ந்தவர்கள் என்று எண்ணினால் பெரும்பான்மை இவர்களே. காணொலியில் வருகிறவர்கள் ஒரு கைப்பிடி.

அப்படியானால் படகில் போகிறவர் என்ன செய்யவேண்டும்?

2020-ஐத் தாண்டியவர்களின் அனுபவத்தைத் திரட்டினால் நாலு விஷயம் தெரிகிறது. ஒன்று, தண்ணீரும் உணவும் ‘அடுத்த துறைவரை’ என்று கணக்கிடாமல், அடுத்த துறை மறுத்தால் அதற்கடுத்த துறைவரை என்று கணக்கிடவேண்டும். இரண்டு, எங்கே இருந்தாலும் காற்று திரும்பும் தேதியைக் கையில் வைத்திருக்கவேண்டும். மூன்று, ஒவ்வொரு துறையிலும் முத்திரையோடு அனுமதிச் சீட்டு வாங்கிக் கிளம்பவேண்டும். எங்கிருந்து, எத்தனை நாளாக, யாரையும் தொடாமல் வருகிறோம் என்பதற்கு நடுக்கடலில் வேறு சாட்சி கிடையாது. நான்கு, உலகமே மூடினாலும் தன்னைத் தள்ளமுடியாத ஒரு துறை எது, அங்கே இங்கிருந்து எத்தனை நாள் என்று எப்போதும் தெரிந்திருக்கவேண்டும்.

இதையெல்லாம் அடுத்த முறை பாய்க்கடையில் சொன்னேன். பாய் பொறுமையாகக் கேட்டார்.

“அப்ப நடுக்கடலுக்குப் போனாலும் ஆதார் கார்டு கேப்பாங்கன்னு சொல்ற?”

“கடல்ல கேக்கமாட்டாங்க பாய். இறங்கற எடத்துல கேப்பாங்க.”

அவர் சிரித்துவிட்டு, நான் எடுத்துவைத்திருந்த கோரைப் பாயைச் சுருட்டி நூல் கட்டிக் கொடுத்தார்.

“சரிதான் தம்பி. எந்தப் பாயா இருந்தாலும் விரிக்க எடம் வேணும்ல.”